கண்ணமங்கலத்துப் பதில்

மலைமேல் குடிவந்த மூன்று வருஷத்தில் புருஷோத்தமன் பதினோரு நோட்டுகளை எழுதி முடித்திருந்தார். எந்தத் தேதியில் எந்த இணைப்பு அறுந்தது, ஏன், என்ன செய்து சரியானது என்பதே அவற்றில் இருந்தது. வேலூரில் ஒரு கம்பெனியின் இணைய வழிகளைக் கவனித்தவர். இப்போதும் அதே வேலைதான், ஜவ்வாது மலையில் ஒரு வாடகை வீட்டிலிருந்து. நாள் முழுக்க ஒருவரோடும் பேசாத நாட்களில் நோட்டில் இரண்டு பக்கம் கூடுதலாகப் போகும்.

அந்த வீட்டுக்கு இணையம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று திருப்பத்தூர் பக்கமிருந்து கம்பம் கம்பமாக ஏறி வரும் கேபிள். இன்னொன்று, அமிர்திப் பக்கத்து டவரைப் பார்த்துக் கூரையில் நிற்கும் டிஷ். ஒன்று படுத்தால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும்படி ரவுட்டரில் எழுதிவைத்திருந்தார். பக்கத்து நாலு வீடுகளுக்கும் அதிலிருந்துதான் வைஃபை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு அடுத்த வீட்டுக் கலைவாணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா சார், எங்க வூட்ல நெட்டே வர்ல? பத்து மணிக்கு அவரு கூப்புடுவாரு."

அவள் புருஷன் ரமேஷ் போர் போடும் லாரியோடு சத்தீஸ்கரில் இருந்தான். இன்று சாயங்காலம் லாரி காட்டுக்குள் போகிறது. பொங்கல் வரைக்கும் அங்கே டவர் கிடையாது. இங்கே மேட்டில் ஏறி நின்றால் செல்போனில் பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும், முகம் தெரியாது.

"பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருக்கு சார். அத்தப் பாக்காம அவரு வண்டி ஏற மாட்டாரு."

"அஞ்சு நிமிஷம்மா."

"நீங்க அஞ்சு நிமிஷம்னா அரை மணி நேரம். எனக்குத் தெரியாதா?"

கேபிள் நன்றாக இருந்தது. டிஷ்ஷும் நன்றாக இருந்தது. ஆனால் இரண்டும் செத்துவிட்டதாகச் சொல்லி ரவுட்டர் இரண்டையும் அடைத்து வைத்திருந்தது. அணைத்துப் போட்டார். மறுபடியும் அதையே சொன்னது.

சும்மா நிற்க முடியாமல் கலைவாணி பேசிக்கொண்டே இருந்தாள். "நேத்து கீழ செம காத்து மழையாம். எங்க கோபால் சித்தப்பா கண்ணமங்கலத்துல இருக்காரில்ல, ராத்திரி போன கரண்டு இன்னும் வர்லயாம்."

புருஷோத்தமனின் விரல்கள் நின்றுவிட்டன.

ஒரு வழி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ரவுட்டர் தூரத்து இயந்திரம் ஒன்றைப் பத்து விநாடிக்கொருமுறை கூப்பிடும். பதில் வந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். வந்த புதிதில், கூப்பிட ஒரு முகவரி கேட்டபோது, மனப்பாடமாக இருந்ததையே இரண்டு வழிக்கும் கொடுத்தார். கண்ணமங்கலத்தில் அவரும் மனைவி ஜெயசுதாவும் இருந்த வீட்டின் இணைய முகவரி. அவள் செத்தபின் வீட்டைப் பூட்டினார். அங்கிருந்த ரவுட்டரை மட்டும் அணைக்கவில்லை. வேறு எவனாவது இப்படி எல்லாவற்றையும் ஒரே முகவரியில் தொங்கவிட்டிருந்தால் கிழித்திருப்பார்.

தினமும் காலையில் காபியோடு அந்தப் பதிலைப் பார்ப்பார். பதினாலு மில்லி செகண்டில் வந்துவிடும். ஜன்னல்கள் சாத்திய கூடத்தில், டிவி ஸ்டாண்டின் மூலையிலிருந்து வருவது.

கரண்டு போனால் தாங்க இன்வெர்ட்டர் இருந்தது. அதன் பாட்டரிக்கு மாதாமாதம் முதல் தேதி தண்ணீர் ஊற்றியவள் ஜெயசுதா. மூன்று வருஷமாக யாரும் ஊற்றவில்லை.

"சார், பத்தாவப் போவுது."

கரண்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எப்போதும் பதில் தரும் இரண்டு பொது முகவரிகளைப் பழைய நோட்டில் தேடி எடுத்தார். பழையதை ஒரேயடியாக அழித்திருக்கலாம். ஒவ்வொரு எண்ணாகப் பின்னாலிருந்து அழித்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"இங்கியே உக்காந்து பேசும்மா" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு வெளியே போனார்.

ஜன்னல் வழியாக ரமேஷின் சத்தம் வந்தது. "எங்க, தொற... ஐயோ, எலிப்பல்லு! கடிச்சிடப் போறா, தள்ளிக்கோடி."

"நீ அங்க தள்ளி நிக்கறது பத்தாதா?" என்றாள் கலைவாணி. பிறகு குழந்தை மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. புருஷோத்தமன் புளியமரம் வரைக்கும் நடந்துபோய் நின்றார்.

போகும்போது அவள் கேட்டாள். "இன்னா சார் கோளாறு?"

"ஒரு வூட்ல கரண்ட் இல்ல."

"யாரு வூட்ல?"

"எங்க வூட்ல. கண்ணமங்கலத்துல."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்பறம் கரண்டு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா சார்?" சிரித்துக்கொண்டே சொன்னவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "வர்றேங்க சார்."

அவர் மடிக்கணினியில் பழைய முகவரியைக் கூப்பிடவிட்டு உட்கார்ந்தார். பதில் இல்லை. மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தார். பதில் இல்லை. நாலே காலுக்குத் திரையில் ஒரு வரி விழுந்தது. பதினாலு. அதன் கீழே இன்னொரு பதினாலு. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரவுட்டரில் அந்த முகவரியைத் திரும்பப் போடவில்லை.

பன்னிரண்டாவது நோட்டில் தேதி போட்டு எழுதினார்: இரண்டு வழியையும் ஒரே முகவரியை வைத்துச் சோதித்தது காரணம். தவறு என்னுடையது. சரி செய்யப்பட்டது.

கொஞ்சம் இடம் விட்டு, கீழே எழுதினார்: நாளைக் காலை, முதல் பஸ். பாட்டரித் தண்ணீர், இரண்டு கேன்.