வடக்கு மூலையில் நாற்பத்து மூன்று கற்கள்

1

இந்தக் கதை ஒரு கூட்டக் குறிப்பிலிருந்து பிறந்தது. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கில்வார்னா ஊர் மண்டபம், மார்ச் பதினொன்று. மேசையின் தலைமாட்டில் ஃபாதர் டெவானி. அவருக்கு வலப்பக்கம் டிராக்டர்கார ஃபெஸ்டி. ஜன்னலோரம் தபால் ஆபீஸ் அட்ராக்டா. கதவருகே, கெட்டிலோடு, நோரா கெராட்டி. நோட்டுப் புத்தகத்தோடு நான், செயலாளர்.

தீர்மானம்: பழைய துறவி மடத்துக்கு வரும் யாத்திரிகர்கள் சேற்றில் வழுக்காதிருக்க, வடக்கு மூலையில் கிடக்கும் வெள்ளைக் கற்களைக் கொண்டு பாதை போடுவது.

"யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கா?" என்றார் ஃபாதர்.

"செக்ரட்டரியைக் கேளுங்க ஃபாதர்," என்றான் ஃபெஸ்டி. "ஒரு கமா வைக்கவே ஒரு மணி நேரம் யோசிக்கிற ஆளு."

சிரித்தோம். நோரா டீ ஊற்றினாள். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினேன்.

2

வேறொரு தொடக்கம்: ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி தோல்படகில் இந்தக் கரைக்கு...

வேண்டாம். மடத்துக்கு வரைபடம் போட்டபோது துறவியின் கல்லறையை அங்குலம் அங்குலமாக அளந்து நோட்டில் குறித்திருக்கிறேன். அவருக்குக் குறையில்லை.

சொல்ல வேண்டியது இது. ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கு அந்தக் காலத்தில் தேவாலயக் கல்லறையில் இடம் கிடையாது. தகப்பன் சின்னப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மடத்தின் வடக்கு மூலைக்குப் போவான். புதைத்து, மேலே ஒரு வெள்ளைக் கல் வைப்பான். திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசமாட்டான். யாருமே பேசமாட்டார்கள். வெளியூர்க்காரரான ஃபாதரைத் தவிர, அன்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

(என் அம்மா பெற்ற ஒரு பிள்ளைக்கும் அங்கே ஒரு கல் உண்டு. இந்த வரியை அடித்துவிட வேண்டும்.)

3

நோராவை ஒரு பாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. தன் மகளின் கல்லைப் பெயர்க்கும் தீர்மானத்துக்கு டீ ஊற்றும் தாயை நீங்கள் நம்புவீர்களா? ஆனால் பாதை திறந்த மறுவாரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"டாக்டர் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான்னுட்டாரு. பிள்ளைக்குப் பக்கத்துலயே என்னை வைக்க ஃபாதரும் சரின்னுட்டாரு. இடம் எதுன்னு உன் நோட்டைப் பாத்துச் சொல்லு."

"உனக்குத் தெரியாதா?"

"சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறதுதான். துரு மாதிரி ஒரு கோடு ஓடுமே, அந்தக் கல்லுதான் எனக்கு அடையாளம்."

"நோரா, அன்னைக்கு நீ ஒரு வார்த்தை..."

"அம்பத்தெட்டு வருஷம் மூடிக் கெடந்த வாய். ஒரு டீ ஊத்துறதுக்குள்ள தொறந்துடுமா? உன் வாய்க்கு என்ன வந்துச்சு?"

நோட்டில் இவ்வளவுதான் இருந்தது: 'வடக்கு மூலை: உதிரிக் கற்கள், 43.' ஃபெஸ்டி அங்கே தரையைச் சமன் செய்து புல்லும் விதைத்துவிட்டான்.

4

முடிவுகள்.

அ. கோடு ஓடும் கல்லைப் பாதையில் கண்டுபிடிக்கிறோம். (உண்மையாகவே கண்டுபிடித்தோம். துறவியின் அறை வாசலில், மூன்றாவது கல். கல் இருக்கிறது, இடம் இல்லை.)

ஆ. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து 'இங்கே' என்று பொய் எழுதுகிறேன். மூன்று முறை வைத்து அழித்தேன். தாள் அந்த இடத்தில் நைந்துவிட்டது.

இ. துறவியின் அருளால்...

5

"அன்புள்ள நோரா, எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தை இணைத்திருக்கிறேன்." இதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. படத்தை மடித்தேன். சீவிய பென்சில் ஒன்றையும் உள்ளே வைத்தேன். புள்ளியை அவள் வைக்கட்டும். அவளுக்குக் கை வராவிட்டால், நீங்கள்.

உறையை நாக்கால் ஈரம் செய்து ஒட்டினேன். தபால் ஆபீஸில் அட்ராக்டா அதைத் தடவிப் பார்த்தாள்.

"என்னது இது, உள்ள எலும்பா?"

"பென்சில். நோராவுக்கு."

அவள் சிரிக்கவில்லை. முத்திரை குத்திப் பையில் போட்டாள்.