தாழ்ப்பாள் கழற்றிய கதவு

1

“நீங்க எழுதுற கதையெல்லாம் கல்யாணத்தோட முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் பாத்ரூம் கதவைப் பத்தி யாரு எழுதுவா?”

“பாத்ரூம் கதவுல அப்படி என்னங்க கதை?”

“தாழ்ப்பாளைக் கழட்டிட்டாங்கன்னா கதைதான்.”

பக்கத்து வீட்டு டிரைவர் என்னிடம் சொன்னது இது. முன்னாள் டிரைவர். வலிப்பு வந்த பிறகு பேருந்தை விட்டுவிட்டு டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். தாழ்ப்பாளைக் கழற்றியது அவர் மனைவி, கட்டடக்கலைப் பேராசிரியை. உள்ளே மறுபடி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். திரும்ப மாட்டச் சொல்ல அவருக்கு ஆசை. அவள் பயத்தைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்று வாய் வரவில்லை. அந்த இடத்திலிருந்துதான் எனக்கு இந்தக் கதை கிடைத்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை ஓய்ந்த அந்தக் காலையில், அவள் கரும்பலகையில்...’ (வேண்டாம். மழை வந்தால் என் கதையில் யாராவது காதலிக்கத் தொடங்கிவிடுவார்கள்.)

சரி, நேராக வகுப்புக்கே போவோம். சமூகப் பொறுப்புள்ள கட்டடக்கலைஞர்களை உருவாக்குவது அவள் பாடம்.

“அந்த வீட்டுல இருக்கப்போறது நீங்க இல்ல. இருக்கப்போறவங்களை முதல்ல கேளுங்க. கேக்காம கோடு போட்டா மார்க் கிடையாது.”

இவளை வில்லி ஆக்குவது சுலபம். ‘வகுப்பில் ஒரு முகம், வீட்டில் ஒரு...’ என்று எழுதி, பாதியில் நிறுத்தினேன். அவர் குளியலறைக்குள் விழுந்த அன்று, தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அலறியவள் அவள். அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.*

* ‘இது கற்பனை இல்லை’ என்று எழுதி அடித்துவிட்டேன். நம்புவது உங்கள் பாடு.

3

மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அன்று வகுப்புக்கு வரவேண்டிய வீட்டுச் சொந்தக்காரர் வரவில்லை. கணவரையே போன் செய்து அழைக்கிறாள். “சும்மா வந்து உக்காருங்க, பிள்ளைங்க கேக்கிறதுக்குப் பதில் சொன்னா போதும்.” (சௌகரியமான தற்செயல்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

உடல்நிலை சரியில்லாதவருக்கான வீட்டை மாணவர்கள் வரைந்து வைத்திருந்தார்கள். வழுக்காத தரை, பிடித்து நடக்கக் கம்பி. குளியலறைக்கு ஒரு திரை மட்டும்.

“கதவு எங்கம்மா?”

“பாதுகாப்புக்காக எடுத்துட்டோம் சார்.”

“நல்லவேளை, சுவரையாவது விட்டு வச்சீங்க!”

வகுப்பு சிரித்தது. பேராசிரியையும் சிரித்தாள். எல்லோரும் ‘கொசு’ என்று கூப்பிடும் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“சார், உங்களை நாங்க கேக்கவே இல்லையே. உங்களுக்கு என்ன வேணும்?”

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவர் “ஒண்ணும் வேணாம்மா” என்று எழுந்து போகிறார். அப்படித்தான் போவார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இன்னொன்றில் அவள் தானாகவே புரிந்துகொண்டு, சாயங்காலமே கார்ப்பென்டரோடு வீட்டுக்கு வருகிறாள். எழுதும்போது இனித்தது. படித்துப் பார்த்தால், அவருக்கு எது நல்லதென்று மறுபடியும் அவளே முடிவு செய்திருந்தாள்.

மூன்றாவதைப் பாதியில் தருகிறேன். அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பயமும் நிஜம், அவர் ஆசையும் நிஜம். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் கொசுவின் கேள்வியோடு மனைவி பக்கம் திரும்பினார்.

“தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டிக் குடும்மா. பயமா இருந்தா நீ வெளிய நில்லு, நான் உள்ளேருந்து பேசிக்கிட்டே இருக்கேன். வேணும்னா பாடுறேன். ஆனா கதவை நான் சாத்திக்கணும்.”