பதினோரு தட்டு

இரண்டாவது விசில் வந்ததும் மாரீஸ்வரி அடுப்பை அணைத்தாள். முந்தின இரவே ஊறப்போட்ட பருப்பு. மீதி வேலையைக் குக்கர் தன் சூட்டிலேயே பார்த்துக்கொள்ளும். நாற்பது நாளில் தீர்ந்துகொண்டிருந்த சிலிண்டரை அறுபத்திரண்டு நாள் இழுத்தவள் அவள். செக்காலை ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் நாலு வீட்டுப் பெண்களைக் கூட்டுச் சேர்த்து, எண்ணெயை டின்னாகவும் அரிசியை மூட்டையாகவும் மொத்தக் கடையில் எடுத்துப் பங்குபோட வைத்தாள். சந்தைக்குக் காலையில் போவதை நிறுத்தியாகிவிட்டது. பொழுது சாய்ந்து, வியாபாரிகள் சாக்கை உதறுகிற நேரத்துக்குப் போனால் பாதிக் காசில் பை நிறையும். கணவன் வேல்பாண்டி வேலைபார்க்கும் டைல்ஸ் கடைக்கு ஃபிளாஸ்க்கில் டீ போனது. முதல் வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான். மூன்றாவது வாரம் அவனே ஃபிளாஸ்க்கைத் தேடினான்.

அக்கம்பக்கத்தில் கஞ்சத்தனம் என்றார்கள். என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும், அவள் பந்தயம் கட்டியிருந்தாள். வேல்பாண்டிக்குச் சிங்கப்பூரில் வேலை தயாராக இருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். சம்பளம் வீட்டுக்குப் பற்றவில்லை, மாதம் மூவாயிரம் துண்டு விழுகிறது என்றான். "நாலு மாசம் குடுங்க. அந்த மூவாயிரத்த நான் வீட்டுக்குள்ளயே எடுத்துக் காட்டுறேன். காட்டிட்டா நீங்க எங்குட்டும் போகக்கூடாது" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். மூன்று மாதம் ஜெயித்துவிட்டாள். அவன் இல்லாத வீட்டில் இரண்டு வருடம் படுத்து எழுந்திருக்க அவளுக்கு மனசில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பருப்பை மத்தால் கடைந்துகொண்டிருக்கும்போது வேல்பாண்டியின் தங்கை சந்திரலேகா அமராவதிபுதூரிலிருந்து கூப்பிட்டாள். மகள் பெரிய மனுஷியாகிவிட்டாளாம். பதினாறாம் நாள் சடங்கு. வேல்பாண்டி பூரித்துப்போனான், பிறகு மெல்ல முகம் இறங்கியது. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். பட்டு, வளையல், பழம், பலகாரம் என்று தட்டுத் தட்டாக ஏந்தி மேளத்தோடு நடக்கையில், தெரு முழுக்க வாசலில் நின்று எண்ணும்.

"அம்பத்தொரு தட்டுக்குக் கொறைஞ்சா என் தங்கச்சி அந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க முடியாது. கடனை வாங்கிச் செஞ்சுருவோம். நான் சிங்கப்பூர் போயி அடைச்சுர்றேன்" என்றான்.

அவனோடு வாதாடி நேரத்தை வீணாக்க அவள் விரும்பவில்லை. மறுநாளே அமராவதிபுதூருக்குப் பஸ் ஏறினாள். என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிவைத்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் அடுக்கியது எல்லாம் சரிந்துவிட்டது. சிலிண்டரிலிருந்து சிங்கப்பூர் வரை உள்ளதை உள்ளபடி கொட்டினாள்.

"எங்களால பதினோரு தட்டுதான் முடியும் சந்திரா. அதுக்கு மேல போனா ஒங்கண்ணன் பிளேன் ஏறியாகணும்."

சந்திரலேகா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். அவள் கணவன் மாயக்கண்ணன் குவைத்துக்குப் போய் ஆறு வருடம். நடுவில் இரண்டு முறைதான் வந்திருக்கிறான். மடித்த பாவாடையை மறுபடி உதறி மடித்தாள். மாரீஸ்வரிக்கு முதல்முறையாகக் கொஞ்சம் பயம் வந்தது.

"பிள்ளையோட அப்பா லீவு கேட்டாக மதினி, குடுக்கல. வீடியோவுலதான் சடங்கு பாக்கப் போறாக" என்றாள் சந்திரலேகா. "பதினொண்ணு போதும். கேக்குறவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அண்ணன மட்டும் முன்னால நடந்து வரச் சொல்லுங்க."

தங்கை சொன்னதைக் கேட்டு வேல்பாண்டி ஒருநாள் முழுக்க வாய் திறக்கவில்லை. மாரீஸ்வரி அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். பட்டில் மட்டும் கையைச் சுருக்கவில்லை. சீரில் வைத்த கொலுசு அவளுடையது, மெருகு போட்டதும் புதுசாகிவிட்டது. சாயங்காலச் சந்தையில் பேரம்பேசி எடுத்த பழங்களைக் கோபுரமாக அடுக்கினாள். தட்டு பதினொன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் தூக்குகிறவளின் இடுப்பை ஒடித்தது.

சடங்கன்று மேளம் முன்னே போக, வேல்பாண்டி பட்டுத் தட்டோடு நடந்தான். பின்னால் வந்த மாரீஸ்வரிக்கு வாசல்களில் உதடுகள் எண்ணுவது தெரிந்தது. பாதித் தெருவில் ஒரு குரல் துணிந்தே கேட்டது, இவ்வளவுதானா என்று. வேல்பாண்டியின் நடை தளர்ந்தது. மாரீஸ்வரி விறுவிறுவென்று முன்னேறி அவன் பக்கத்தில் நடந்தாள்.

வாசலில் ஆரத்தி முடிந்ததும் சந்திரலேகா போனை நீட்டினாள். திரையில் மாயக்கண்ணன், வேலைத்தளத்து மஞ்சள் ஹெல்மெட்டோடு.

"மச்சான், தட்டக் கொஞ்சம் எறக்குங்க. ஒங்க மொகம் தெரியல."

வேல்பாண்டி இறக்கினான். மாயக்கண்ணன் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினான்.

"என்னைய அப்படியே உள்ள கொண்டுபோங்க மச்சான். பிள்ளையப் பாக்கணும்."

வேல்பாண்டி தட்டை மாரீஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு, போனை இரண்டு கைகளாலும் ஏந்திப் படியேறினான். மணையில் இருந்த பெண் நிமிர்ந்து, "அப்பா" என்றாள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. திரையில் ஏதோ சொல்லவந்த மாயக்கண்ணனின் வாய் திறந்தபடியே இருந்தது. யார் யாரோ வெளியே போய் நின்றால் சிக்னல் வரும் என்றார்கள். வேல்பாண்டி நகரவில்லை. அந்த அசையாத முகத்தை மருமகளுக்கு நேராகப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தான்.