ரிவர்ஸ் பழகும் இருபது நிமிடம்

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. கூடப்பிறந்த இன்னொருத்தி தங்கை. அவரிடமே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை பார்த்தாள்.

அந்த மாதம் தங்கையிடம் பழகியவர்களில் ஐந்து பேர் லைசென்ஸ் டெஸ்டில் கோட்டை விட்டார்கள். தோற்றதைவிடத் தோற்ற விதம்தான் அவரை உறுத்தியது. வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதில் ஐந்து பேருக்கும் முழு மதிப்பெண். ரவுண்டானாவைக் கண்டதும் ஐந்து பேருக்கும் கை கால் உதறல். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி போனில் கூப்பிட்டு, உங்கள் வண்டி முன்னால் போகவே போகாதா என்று விசாரித்தார். மானம் கப்பலேறியது. இப்படியே போனால் பள்ளியின் உரிமம் ரத்தாகும் என்று கடிதமும் வந்தது.

எதிர்த் தெரு ஸ்கூல்காரன் அவளை வளைத்துப் போட்டுவிட்டானோ? மாப்பிள்ளை வேலைக்காக வெளியூர் போய் ஆறு மாதம் ஆகிறதே, வேறு ஏதாவதோ? அப்படி நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நினைத்தார்.

மறுநாள் பயிற்சி மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். தங்கை காரிலிருந்து இறங்கினாள். அன்றைக்குப் பழக வந்திருந்த பல் டாக்டரம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, சுவரோரம் போய் போனை எடுத்தாள். டாக்டரம்மா ஒன்பது தடவை ரிவர்ஸ் எடுத்தார். இவள் ஒரு தடவைகூட நிமிரவில்லை. நடுநடுவே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நேரே போய்க் கையை நீட்டினார்.

மறுபேச்சில்லாமல் போனைக் கொடுத்தாள். அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பார்த்தால், எழுதிக்கொண்டிருந்தது வலைப்பூ.

"மூணு வருஷமா எழுதுறேண்ணே. காலையிலயும் சாயந்திரமும் பசங்க, நடுவுல உன் வேலை. ரிவர்ஸ் பழகுறப்பதான் யாரும் எங்கயும் போய் இடிக்க மாட்டாங்க. முன்னெல்லாம் அஞ்சு நிமிஷம் போதும். இப்ப அதைப் படிக்கிறவங்க கூடிட்டாங்க, இருபது நிமிஷம் ஆகுது."

தன்னைப் பற்றி என்னென்ன எழுதிக் கிழித்திருக்கிறாளோ என்று, அவர் சுவரில் சாய்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். கிளட்சைக் கண்டு அழுத வக்கீல் இருந்தார். ஸ்டியரிங்கைக் கும்பிட்டுவிட்டு ஓட்டும் மாமி இருந்தார். வாட்ச்மேன், மைதானத்து நாய், பழைய காரின் இருமல் எல்லாம் இருந்தன. படிக்க நன்றாகவும் இருந்தது. அண்ணன் மட்டும் ஒரு வரியில்கூட இல்லை.

"என்னைப் பத்தி ஏன் ஒண்ணுமே எழுதல?"

தங்கை சற்று யோசித்தாள்.

"அங்கயாவது நீ இல்லாம இருக்கட்டும்னுதான்ணே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவருக்கு ரொம்ப வலித்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய்க் காரில் டாக்டரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"ரோட்டுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். தினமும். நீ எழுது."

"எதுக்கு?" என்றாள் தங்கை.

அவர் பதில் சொல்வதற்குள் டாக்டரம்மா வண்டியைக் கிளப்பிவிட்டார். கார் வாசலைத் தாண்டித் திரும்பும் வரை தங்கை ஒரு எழுத்துகூட எழுதாமல், அண்ணனையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.