அம்மாவைப் பற்றி ஒரு பக்கம்

எங்கள் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் அவரைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்கப்படும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கத்தை எழுதிவந்தவள் அம்மா. இப்போது அம்மாவே போய்விட்டாள். நான்கு மணிக்கு ஆராதனை, பன்னிரண்டுக்குள் எழுதிக் கொடுத்தால்தான் அச்சடிக்க முடியும் என்று போதகர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்த விஷயத்தில் அம்மா பொல்லாதவள். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், அதில் கடைசி ஆறு வருடம் தலைமை ஆசிரியை. 'தாவரங்கள் மிகவும் பயனுள்ளவை' என்று ஒரு பிள்ளை எழுதினால், ஓரத்தில் 'எதற்கு?' என்று சிவப்பு மையில் கேட்டுவிட்டு மதிப்பெண் போடாமல் விடுவாள். துக்க வீட்டிலும் அதே கதைதான். தங்கமான மனுஷன் என்று யாராவது ஆரம்பித்தால், என்ன செய்தார், அதைச் சொல்லுங்கள் என்பாள். எதற்குக் கோபப்படுவார், எதை யாருக்கும் தரமாட்டார், வீட்டில் கடைசியாக எதைப் பழுது பார்த்தார் என்று குடைவாள். ஒரு கார் மெக்கானிக் இறந்தபோது, 'இவர் ஒரே ஒரு பொய்தான் சொன்னார், அதைத் தினமும் சொன்னார்: வண்டி நாளைக்கு ரெடி' என்று எழுதினாள். முதலில் சிரித்தது அவர் மனைவிதான். அதற்குப் பிறகு சபையில் வயதானவர்கள் எல்லோரும் அம்மாவிடம் கொஞ்சம் பார்த்துத்தான் நடந்துகொண்டார்கள்.

தம்பி ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தான். அவன் விளம்பரக் கம்பெனியில் வேலை செய்பவன், பஞ்சமில்லாமல் எழுதுவான். 'அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம்.' பொறுமையா? பேருந்து நான்கு நிமிடம் தாமதமானதற்கு டிப்போ மேலாளருக்குக் கடிதம் போட்டவளுக்கா? ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தேன். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலிகளை எண்ணப் போனான்.

எனக்கு எழுதத் தெரியும் என்றில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான். உள்ளே இருப்பது இருக்கிறபடி தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. பதினொன்றரைக்குள் முக்கால் பக்கம் வந்துவிட்டது. அம்மா எதற்குக் கோபப்படுவாள் என்பதற்கே அரைப் பக்கம் சரியாகப் போனது. யாருக்கும் தராதது சிவப்புப் பேனா. கடைசியாகப் பழுது பார்த்தது பக்கத்து வீட்டு மிக்ஸி, அதுவும் அவர்கள் கேட்காமலே.

பிள்ளைகளைப் பற்றிய வரியில்தான் மாட்டிக்கொண்டேன். 'இரண்டு பிள்ளைகளையும் ஒன்றுபோல் நேசித்தார்' என்று தம்பி எழுதியிருந்தான். தம்பியைப் பற்றிச் சந்தேகமில்லை. என்னைப் பற்றித்தான் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் புருஷனை விட்டு வந்தேன். சமாதானம் பேசுவதற்குச் சபை மூப்பர்கள் எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். மூப்பரான பல் டாக்டர்தான் அதிகம் பேசினார். கொஞ்சம் அனுசரித்துப் போகலாமே என்று பல்லைப் பிடுங்குகிற அதே மென்மையோடு சொன்னார். அவன் என்னை அடித்ததைச் சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. தப்பு எங்கே நடந்தாலும் எழுந்து நின்று கேட்கிறவள், அன்றைக்கு முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி அந்தச் சபையில் கால் வைக்கமாட்டேன் என்று நான் சொன்னபோது, உன் இஷ்டம் என்றாள். அவ்வளவுதான். பிறகு காய்ச்சல், காய்கறி, கண் ஆபரேஷன் என்று எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. என் மேல்தான் தப்பு என்று அம்மா நினைத்தாளா? ஒன்பது வருடமாக அந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பது?

பேனாவை வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தபோது சபைக் காவலாளி வந்தார். மணி அடிப்பதும் பெஞ்சு துடைப்பதும் கூட்டம் வந்தால் இடம் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். பக்கத்தை வாங்கிப்போக வந்திருந்தார். இன்னும் ஒரு வரி பாக்கி என்றேன். காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டாவது வரிசைல உங்க எடத்தைத் துணி போட்டு வச்சிருக்கேம்மா," என்றார். "இன்னைக்காவது நீங்க வந்து உக்காந்தா எனக்கு நிம்மதி."

எந்த இடம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்னைத் தவிர ஊருக்கே தெரிந்த விஷயம் போலிருக்கிறது. ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் அம்மா அரைமணி நேரம் முன்னாலேயே வந்து, பக்கத்து இடத்தில் கைப்பையையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்துவிடுவாளாம். என் மகள் வருவாள் என்பாளாம். எவ்வளவு கூட்டம் வந்தாலும் நகர்த்தமாட்டாளாம். பேராயரின் மனைவியே ஒருமுறை சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறார். ஏச்சுப் பேச்செல்லாம் காவலாளிக்கு.

"ஒருநாள் பல் டாக்டர் வந்து, மூட்டு வலி, கொஞ்சம் பையை எடுங்கன்னார். மாட்டேன்னுட்டாங்க. பாவம், முழு ஆராதனையும் நின்னார். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறமா, ஏன் டீச்சர் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன்." காப்பியைக் கீழே வைத்தார். "அதுக்கு அவங்க சொன்னாங்க: என் மக மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு அவளுக்காக நான் பேசியிருக்கணும், பயந்துட்டேன். எடத்தையாவது பிடிச்சு வைக்கிறேன்."

அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அடுத்த நிமிடம் குலுங்கிக் குலுங்கி அழுதேன். காவலாளி வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி வரியை எழுதினேன். தம்பி படித்துப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சபையில் வாசிக்க முடியுமா அக்கா என்றான். நானே வாசிக்கிறேன் என்றேன்.

வாசித்தேன். பெஞ்சுகள் நிரம்பி, வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். டிப்போ மேலாளர் வரியில் சிரித்தார்கள், மிக்ஸி வரியில் பக்கத்து வீட்டுக்காரரே தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்தேன். 'பேச வேண்டிய ஒரு கூட்டத்தில் இவர் பேசாமல் இருந்தார். அதற்காக ஒன்பது வருடம் மகளுக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். மகள் வந்துவிட்டாள்.'

இறங்கி வந்து துணியை எடுத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மாவின் இடம் காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் யாரும் அதில் உட்காரத் துணியவில்லை. சுவரோரம் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஒரு கால் மாற்றி ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

ஒரு பாட்டு முழுவதும் அவரை நிற்கவிட்டேன். ஆறு சரணம்.

பிறகு கையைக் காட்டிக் கூப்பிட்டேன். "அம்மா எடம் காலியாத்தான் இருக்கு. உக்காருங்க."