அவரைக்கொடியில் கிளிப்பச்சை

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. ஒன்றில் என் துணிப் பை தொங்கும், இன்னொன்றில் அம்மாவுடையது. இரண்டிலும் இருப்பது அப்பா கொண்டுவரும் துண்டுத் துணிதான். அப்பா வெள்ளைத்துரை தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பிளவுஸ் பிட் பிரிவில் நிற்கிறார். விற்க முடியாத கடைசித் துண்டுகளை முதலாளி அவரிடமே கொடுத்துவிடுவார். தைக்கக்கூடிய அளவில் இருப்பது எனக்கு. மற்றதை அம்மா நாடா நாடாகக் கிழித்து மொட்டைமாடியில் செடி கட்ட வைத்துக்கொள்வாள். சணல் தண்டை அறுத்துவிடும், துணி அறுக்காது என்பது அவள் கணக்கு.

சைதாப்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழே புஷ்பம் அக்கா. மேலே மொட்டைமாடியில் பெயின்ட் வாளிகளில் அம்மாவின் தக்காளி, கத்தரி, பசலை. ஆடியில் ஊன்றிய அவரை, மூங்கில் குச்சிகளில் ஏறி, கம்பிப் பந்தலைத் தொட்டு, ஐப்பசி முடிவதற்குள் மொட்டு வைத்திருந்தது. அந்தப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காஜா எடுப்பேன், கொக்கி வைப்பேன். பகலில் எனக்குத் தேனாம்பேட்டையில் வேலை, சாயங்காலம் தி. நகரில் தையல் வகுப்பு.

எதையும் வரிசைப்படி செய்தால் தப்பு வராது என்று நம்புகிறவள் நான். அப்படியும் வருகிறது. வகுப்பில் குலாம் ரசூல் மாஸ்டர் ஒருநாள் என் மேசைப் பக்கம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா கயல், நீ தைக்கிறத விட பிரிக்கிறதுதான் ஜாஸ்தியா கீது. பிரிக்கிறதுக்குத் தனியா சர்டிபிகேட் குடுத்துடலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து, வகுப்பில் தைத்த பிளவுஸ் கையை மறுபடி பிரித்தேன்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை நீரஜா அக்காவுடையது. மயிலாப்பூர்க்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பையிலிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மெதுவாகப் பிரித்தார். உள்ளே கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பட்டுத் துண்டு.

"எங்கம்மா புடவை. அம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. பெட்டியிலேயே வச்சிருந்தேன், மடிப்புக்கு மடிப்பு கிழிஞ்சு போச்சு. தேறினது இவ்வளவுதான். நிரஞ்சன் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பிளவுஸ் தெச்சுத் தரியா? பிளவுஸுக்குப் புதுத் துணி வாங்கிக்கலாம். கையிலயும் கழுத்துலயும் பைப்பிங் மட்டும் இதுல வரணும்."

"அக்கா, நான் இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மயிலாப்பூர்ல உங்க டெய்லர் இருப்பாரே."

"இருக்கார். இதைப் பார்த்துட்டுத் தொடவே மாட்டேன்னுட்டார். ஊசி பட்டா பிரிஞ்சுடுமாம்." துண்டைத் திரும்ப மடித்தார். "நாத்தனார் முடிச்சு நான்தானே போடணும். அந்த நேரத்துல கையில அம்மா இருந்தா நன்னா இருக்கும்னு தோணித்து. முடியலேன்னா பரவால்ல கயல்."

நிரஞ்சன் அவருடைய தம்பி. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற முடிச்சுகளைப் போடுவது மாப்பிள்ளையின் அக்காதான். மண்டபமே அந்தக் கைகளைத்தான் பார்க்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், முடியாது என்று சொல்ல வாய் திறந்து, "குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் எனக்கு வந்த முதல் வெளித் தையல். பிளவுஸுக்கு அப்பா கடையிலிருந்து அரக்கு நிறத்தில் துணி எடுத்துவந்தார். லைனிங்கை நனைத்து, மழை நாளானதால் மின்விசிறிக்கடியில் காய வைத்து, காகிதத்தில் வரைந்து, இரண்டு முறை அளந்து வெட்டினேன். கிளிப்பச்சையைக் கடைசியாக எடுத்தேன். பைப்பிங் என்பது உள்ளே மெல்லிய கயிறு வைத்து விளிம்பில் தைக்கும் பட்டி, அதற்குத் துணியைக் கோணலாக மடித்து வெட்ட வேண்டும். கிராஸ் பட்டி என்போம். கோணலாக வெட்டிய பட்டி இழுத்தால் கொஞ்சம் நீளும், வளைவில் சுருக்கம் விழாமல் உட்காரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். ஒன்றும் பிரியவில்லை. பட்டிகளைச் சுருட்டி என் பையில் போட்டு ஆணியில் மாட்டினேன்.

அந்த வாரம் சுவரில் ஓதம் ஏறி என் ஆணிக்கு மேலே சொட்ட ஆரம்பித்தது. பட்டு நனைந்துவிடக் கூடாதே என்று இரண்டு பைகளையும் இடம் மாற்றினேன். அம்மாவின் பை நனைந்தால் என்ன, செடிக்குத்தானே. மாற்றியதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வகுப்புக்குப் போனேன்.

கார்த்திகை பிறந்ததும் புயல் வந்தது. மத்தியானமே அலுவலகத்தில் அனுப்பிவிட்டார்கள். பேருந்து நகரவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. அம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் இறுக்கக் கட்டிட்டேன் பிள்ள" என்றாள். "காத்து என்ன ஆட்டு ஆட்டுச்சுங்குற. அவரை தலையத் தலைய ஆட்டுது. இருட்டுல கைக்கு அம்புட்டத எடுத்துட்டுப் போயி குச்சிக்குக் குச்சி முடிச்சுப் போட்டேன். இனி எது வந்தாலும் சாயாது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சூடாகக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மழை விட்டதும் மேலே போனேன். தெருவில் முருங்கை முறிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை எங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. எங்கள் அவரை மட்டும் நின்றது. ஓர் இடத்தில்கூடத் தண்டு ஒடியவில்லை. அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. பச்சைக்குள் பச்சையாக இருந்ததால் முதலில் எனக்குத் தெரியவில்லை. ஓர் இலையை விலக்கியபோதுதான் முடிச்சைப் பார்த்தேன். அடுத்த குச்சியிலும் அதே கிளிப்பச்சை. அதற்கடுத்ததிலும்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள். கீழே இறங்கிப் போய், கதவுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிவந்தாள்.

"பையை மாத்தி மாட்டுனியா?"

"ஆமா."

"சொல்லலியே."

"சொல்லல."

முடிச்சு முடிச்சாக அவிழ்த்தோம். நனைந்த பட்டு இறுகியிருந்தது. அம்மா நகத்தால் நெகிழ்த்தி நெகிழ்த்தி, ஓர் இழை போகாமல் எடுத்தாள். அடித்தண்டைப் பிடித்திருந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. அதை எடுத்தால் கொடி சரிந்துவிடும். படியில் உட்கார்ந்து நான் அழுததைப் புஷ்பம் அக்கா பார்த்துவிட்டார். அவரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

பட்டிகளைத் தண்ணீரில் அலசி, நிழலில் போட்டு, மேலே துணி விரித்து இஸ்திரி போட்டேன். இலைக்கறை லேசாக நின்றது. காற்றில் இழுபட்டு எல்லாம் நீண்டு மெலிந்திருந்தன. கையில் எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். இதை ஊசிக்கடியில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா அன்று கடையிலிருந்து ஒரு பட்டுத் துண்டோடு வந்தார். அதே கிளிப்பச்சை.

"வெளிச்சத்துல வச்சுப் பாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லு பாப்போம். கடையில நாப்பது துணிக்கட்டப் புரட்டிப் புடிச்சேன். உங்க அக்காவே கண்டுபிடிக்க மாட்டாவ."

"கண்டுபிடிக்க மாட்டாவன்னா?" என்றாள் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

அப்பா கொஞ்ச நேரம் துண்டையே தடவிக்கொண்டிருந்தார். "இல்ல, பத்தலேன்னா கழுத்துக்கு வச்சுக்கிடட்டும்னுதான் வாங்கியாந்தேன்" என்றார்.

நிறம் உண்மையிலேயே பொருந்தியிருந்தது. அதுதான் என்னைப் படுத்தியது. திங்கட்கிழமை அக்காவிடம் சொல்லிவிடுவதென்று முடிவுசெய்தேன். திங்கள் போயிற்று, மற்ற நாட்களும் போயின. பக்கத்து மேசையில் அவர் கல்யாண வேலைகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார், நான் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அளவு பார்க்க வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது, அவர் உட்கார்ந்த பிறகா, காப்பி குடித்த பிறகா என்று சனிக்கிழமை முழுக்க வரிசைப்படுத்தி வைத்தேன்.

ஞாயிறு காலை கீழே ஆட்டோ நின்றது. நான் படியிறங்குவதற்குள் புஷ்பம் அக்காவின் குரல் கேட்டது.

"மைலாப்பூர் அக்காவா நீ? வா வா. உங்கம்மா பொடவதான் மேல கொடிய புடிச்சிக்கினு கீது, பாத்தியா நீ? புயலுக்கே அசையலயே. இந்தப் பொண்ணு இன்னாடான்னா அயுதுகினு கீது."

பாதிப் படியில் நின்றுவிட்டேன். நீரஜா அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வரிசைப்படுத்திய வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"நான்தான் பையை மாத்தி மாட்டினேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மேலே ஏறினார். எங்கள் வீட்டு வாசலைக் கடந்து நேராக மொட்டைமாடிக்கே போனார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

"இவ மேல தப்பில்லம்மா. நான்தான் பாக்காம எடுத்துக் கட்டிட்டேன். ஏசணும்னா என்னிய ஏசுங்க."

அக்கா பந்தலுக்கடியில் குனிந்தார். அடித்தண்டில் அந்த ஒரு முடிச்சு இருந்தது. விரலால் தொட்டார், பிறகு நன்றாகவே இழுத்துப் பார்த்தார். பட்டி கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பிக்கொண்டது.

"அன்னிக்கு ராத்திரி முழுக்க இதுதான் தாங்கித்தா?"

"ஆமாம்மா. வேற துணியா இருந்தா இறுக்கித் தண்டை ஒடிச்சிருக்கும். இது காத்து போற பக்கமெல்லாம் கூடவே போச்சு."

அக்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

"தொட்டா பிரிஞ்சுடும்னு ரெண்டு வருஷமா பெட்டியைத் திறந்து பார்த்துட்டு மூடிண்டிருந்தேன். மண்டபத்துல எல்லார் முன்னாடியும் கிழிஞ்சு தொங்கினா என்ன பண்றதுன்னு தூக்கமே வரல. நீங்க புயல்லயே வச்சுப் பார்த்துட்டேள்." என் பக்கம் திரும்பினார். "மிச்சத்தை எங்க வச்சிருக்க? கொண்டா. தெக்கலாம்."

"மெலிஞ்சு போயிருக்குக்கா. கறையும் இருக்கு. கழுத்துக்குப் பத்தாது."

"கைக்குப் பத்துமோன்னோ?"

"பத்தும்."

"அப்புறம் என்னடி."

கழுத்துக்கு அப்பாவின் துண்டைக் காட்டினேன். எது எந்தத் துணி என்பதையும் சொன்னேன். சரி என்றார். பட்டி மெலிந்திருந்ததால் உள்ளே வைக்கும் கயிற்றையும் மெல்லியதாக எடுத்துக்கொண்டேன். ஒட்டுப் போட்ட இடங்களைக் கைத்தையலாகவே போட்டேன். பிரிக்க நேர்ந்தால் பட்டு தாங்காது என்பதால் ஒவ்வொரு தையலையும் முதல் தையலாகவும் கடைசித் தையலாகவும் நினைத்துத் தைத்தேன். முடித்தபோது ஓர் இடத்தைக்கூடப் பிரித்திருக்கவில்லை. மாஸ்டர் பிளவுஸின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சர்டிபிகேட் கேன்சல்" என்றார்.

கல்யாணம் கார்த்திகைக் கடைசியில், மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில். காலையிலேயே தூறல். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லாரும் மணமக்களைப் பார்த்தார்கள். நான் ஒரு ஜோடிக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீரஜா அக்கா மணப்பெண்ணின் பின்னால் குனிந்து கைகளை நீட்டினார். கை விளிம்பு இழுபட்டது. கிளிப்பச்சை ஒரு கோடாகத் தெரிந்தது. ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. கை திரும்பி வந்தது. கோடு அப்படியே இருந்தது. அட்சதை போட மறந்து கையிலேயே வைத்திருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பந்தியில் என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"கையைத் தூக்கினா அக்குள்ல பிடிக்கிறது" என்றார். "அடுத்ததுல சரி பண்ணிடு. தை மாசத்துல நிரஞ்சன் ஆத்துக்காரிக்கு ரெண்டு தெக்கணும், சொல்லிட்டேன்."

அம்மா கொடுத்தனுப்பியதை அவரிடம் நீட்டினேன். முதல் பறிப்பு அவரைக்காய். என் தையல் பையில் போட்டுக் கொடுத்திருந்தாள், வேண்டுமென்றேதான். பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஒண்ணை மட்டும் அவுத்துடாதீங்கோன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அம்மா ஏற்கெனவே அதை எடுப்பதாக இல்லை. என் பைக்கு அப்பா அலமாரிக்கு உள்ளே ஒரு கொக்கி அடித்துக் கொடுத்திருந்தார். கதவுக்குப் பின்னால் அம்மாவின் பழைய ஆணியை அவள் பைக்கே விட்டுவிட்டேன்.

மார்கழிப் பனியில் அவரை கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. புஷ்பம் அக்காவுக்கும் மாஸ்டருக்கும் கொடுத்த பிறகும் எங்களுக்கு மிஞ்சுகிறது. காலையில் தண்ணீர் ஊற்றும்போது அடித்தண்டைப் பார்க்கிறேன். தண்டு தடித்துக்கொண்டே வருகிறது. கிளிப்பச்சை அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.