இடாப்பில் இருபத்து மூன்றாம் இலக்கம்

நஜ்முன் நிஸா மௌத்தாகி ஏழு வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூடப் பாடசாலைக்கு வராமல் இருந்ததில்லை.

உயிரோடு இருந்தபோது அப்படியல்ல. மூதூருக்குத் தெற்கே, வயலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடந்த அந்தக் கிராமத்தின் மற்றப் பிள்ளைகளைப்போல அவளும் அறுவடைக்கென்று வீட்டில் நின்றாள், தம்பியைப் பார்க்க நின்றாள், மழைக்கு நின்றாள். இடாப்பில் இருபத்து மூன்றாம் இலக்கத்துக்கு நேரே, வராத நாளைக் காட்டும் வட்டங்கள்தான் அதிகம். எழுபத்து நாலாம் ஆண்டு மாசியில் மலேரியாக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகுதான் வட்டங்கள் ஓய்ந்தன. வந்த நாளைக் காட்டும் சாய்கோடுகள் ஒன்றின்பின் ஒன்றாக ஒழுங்காக நிற்கத் தொடங்கின.

அடக்கம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை புஷ்பவதி டீச்சர் அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். பாடசாலை என்பது ஒரே மண்டபம்; அரைச்சுவர், மேலே கிடுகு. அதன் மூலையில் ஓர் அலுமாரியும் ஒரு கதிரையும் இருந்தன. அவற்றுக்கு மேலே, கூரையிலிருந்து நூலில், ‘அதிபர் அலுவலகம்’ என்ற பலகை தொங்கியது. சுவர் இல்லாத அந்த அலுவலகத்துக்குள் போகிறவர்கள் அலுமாரியில் தட்டி அனுமதி கேட்க வேண்டும் என்பது அதிபர் ஜமால்தீனின் கட்டளை.

“டீச்சர்,” என்றார் அவர் அலுமாரிக்குப் பின்னாலிருந்து. “இருபத்திரண்டுக்குப் பிறகு இருபத்து நாலா? எண் படிப்பிக்கிற ஆள் நீங்கள்.”

“பிள்ளை செத்துப்போச்செல்லோ சேர்.”

“அது ஊருக்கு. விடுகைப் பத்திரம் குடுக்கும் வரைக்கும் பிள்ளை பாடசாலையில இருக்கிறா. நாற்பத்தொரு பிள்ளை இருந்தால்தான் இங்க ரெண்டாவது ஆசிரியர். நாற்பதெண்டால் நான் மட்டும். பிறகு உங்களை எந்தக் காட்டுக்கு மாத்துவாங்களோ தெரியாது. தம்பலகாமத்துக்கு மாசத்தில ஒருக்காவாவது போய் அம்மாவைப் பார்க்கிறீங்கள்தானே?”

ஒரே ஆசிரியர் உள்ள இடத்தில் அதிபர் என்று ஒருவர் இருக்க முடியாது, பலகையைக் கழற்ற வேண்டிவரும் என்பதை அவர் சொல்லவில்லை. புஷ்பவதி இடாப்பைப் பார்த்தாள். பெயரைக் கூப்பிட்டாள்.

கூப்பிட்டால் பதில் வரவேண்டும். கல்வித் திணைக்கள அதிகாரி பார்வையிட வரும் நாளில் பிள்ளைகள் திகைத்து நிற்கக்கூடாது என்பதற்காக அதிபர் ஓர் அட்டவணை தயாரித்தார். அட்டவணை தயாரிப்பதில் அவருக்குத் தனிப் பிரியம். சிவப்புக் கோடு, நீலக் கோடு, கீழே ஒப்பம். திங்கள் லைலா, செவ்வாய் றஹ்மா என்று கிழமை முழுவதற்கும் ஐந்து பெண்பிள்ளைகள். அந்தந்த நாளுக்குரியவள் “வந்தேன் டீச்சர்” என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை. அன்றைய முறைக்குரிய பிள்ளைக்கும் காய்ச்சல். புஷ்பவதி அதை மறந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். “வந்தேன் டீச்சர்” என்று குரல் வந்தது. யார் சொன்னது என்று அவள் கேட்டாள். பிள்ளைகள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இருந்த நீள வாங்குப் பலகையின் நடுவில் ஒருவர் இருக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நெருங்கி இருக்கும்படி எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டே இருந்தார்கள்.

பத்தரைக்கு, பிள்ளைக்கு ஒன்றாகப் பணிஸ் ரொட்டி வரும். இடாப்பின்படி நாற்பத்தொன்று. மிஞ்சும் ஒன்றை லைலா கொண்டுபோய் அந்த இடைவெளியில் வைப்பாள். காகம் வரும் வரைக்கும் அது அங்கேயே இருக்கும். பசியோடு வரும் பிள்ளைகள்தான். ஆனாலும் ஒருவரும் அதைத் தொடவில்லை. கணக்குப் பாடத்தில் லைலா இரண்டு சிலேட்டில் எழுதினாள், ஒன்று தனக்கு, ஒன்று பக்கத்துக்கு. தவணைப் பரீட்சை வந்தபோது புஷ்பவதி இருபத்து மூன்றாம் இலக்கத்துக்கு நாற்பத்தைந்து புள்ளி போட்டுக் கொடுத்தாள். அதிபர் பார்த்துவிட்டு அறுபத்திரண்டு ஆக்கினார்.

“ஒழுங்காய் வாற பிள்ளை. அதுக்கேத்த முன்னேற்றம் இருக்க வேணும்,” என்றார்.

பாடசாலை வேலிக்கு அந்தப் பக்கம் றுக்கியாவின் வீடு. நஜ்முன் நிஸாவின் உம்மா. ஒரு நாள் அவள் வந்து அலுமாரியில் தட்டாமல் நேரே கதிரைக்கு முன்னால் நின்றாள்.

“சேர், புள்ளட பேர வெட்டிப்போடுங்க. விடுகைப் பத்திரத்தத் தாங்க.”

“அதுக்கு முறைப்படி விண்ணப்பம் வேணும், உம்மா.”

“காலையில பேரக் கூப்பிடுறீங்க. நான் அடுப்படியில இருந்து எழும்புறன். வந்தன் எண்டு ஒரு குரல் கேக்குது. திங்கக்கிழமை ஒரு குரல், செவ்வாக்கிழமை ஒரு குரல். ஒண்டும் அவட குரல் இல்ல. ஆனா ஒவ்வொரு நாளும் நான் எழும்புறன் சேர். ஏலாது. அவள் போகட்டும்.”

றுக்கியாவுக்கு எழுதத் தெரியாது. புஷ்பவதி எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பதில் வராததால் இன்னொன்று எழுதினாள், பிறகு மூன்றாவது. மூன்றும் அலுமாரிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. “அதிகாரி வந்து போகட்டும்,” என்றார் அதிபர்.

அதிகாரி குலசிங்கம் தலைகளை எண்ணுகிறவர் என்பது வட்டாரம் அறிந்த செய்தி. அட்டவணை இப்போது உதவாது, தலை வேண்டும். அதிபர் திருகோணமலைப் பட்டினத்திலிருந்து லோஞ்ச் படகில் தன் மகள் ஸுல்பிகாவைக் கூட்டிவந்தார். ஒன்பது வயது, அதே உயரம். நான்கு நாள் தன் விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுத்தார். சாப்பிட நஜ்முன் நிஸா, குளிக்க நஜ்முன் நிஸா, தூக்கத்திலிருந்து எழுப்பவும் நஜ்முன் நிஸா. ஸுல்பிகா என்று கூப்பிடும்போது திரும்பினால் காதில் கிள்ளு. நாலாம் நாள் பிள்ளை திரும்பவில்லை. அதிபருக்குப் பெருமையாக இருந்தது.

குலசிங்கம் சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டு ஜீப்பில் வந்து இறங்கினார். புள்ளிவிபரத்தில் நேர்மை என்பதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நித்திரையானார்கள். பிறகு பென்சிலால் தலைகளைச் சுட்டி எண்ணினார். நாற்பத்தொன்று. இடாப்பைத் தானே எடுத்து வாசித்தார். இருபத்து மூன்றுக்கு வந்தார்.

“வந்தேன் சேர்.”

அந்த இடைவெளியில் இருந்த பிள்ளை எழுந்து நின்றது. பக்கத்திலிருந்த லைலா வாங்கின் நுனிவரைக்கும் ஒதுங்கியிருந்தாள். குலசிங்கம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஸுல்பிகா பட்டினத்துப் பிள்ளை, தடங்கலில்லாமல் வாசித்தாள். புஷ்பவதி ஏதோ நினைத்து வாசல் பக்கம் திரும்பினாள். றுக்கியா அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

“ஆரம்மா நீங்கள்?” என்று குலசிங்கம் கேட்டார்.

“நஜ்முன் நிஸாட உம்மா.”

அதிபர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். குலசிங்கம் மலர்ந்தார். “பெற்றார் பாடசாலைக்கு வாறது நல்ல அறிகுறி, அதிபர். உங்கட மகள் நல்லாய் வாசிக்கிறா, அம்மா.”

“எனக்கு வாசிச்சுக் காட்டினதில்ல,” என்றாள் றுக்கியா. அவள் நடந்து போய் வாங்கருகில் நின்று பிள்ளையின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். கலைந்திருந்த மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். “நேரமாச்சு. சோறு குடுக்க வேணும். கூட்டிட்டுப் போகட்டா ஐயா?”

“தாராளமாய்,” என்றார் குலசிங்கம். “என்ன அதிபர்?”

அதிபர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. “ஓம் சேர்,” என்றார்.

றுக்கியா நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை போனது. பிள்ளைகள் அரைச்சுவருக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலிக் கடப்பைக் கடக்கும்போது அது திரும்பிப் பார்க்கவில்லை.

குலசிங்கம் சம்பவப் புத்தகத்தில் பாராட்டு எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தார். அவர் வெளியே இறங்கியதும் அதிபரும் புஷ்பவதியும் வேலி தாண்டி ஓடினார்கள். பாயில் உட்கார்ந்து ஸுல்பிகா மீனும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலை இரண்டாகப் பின்னி, பழைய பச்சை ரிபன் கட்டியிருந்தது. றுக்கியா முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ட மகள், உம்மா,” என்றார் அதிபர்.

“இல்லையே. ஐயா கேட்டாரே. நீங்களும் பக்கத்தில நிண்டு ஓம் எண்டீங்க.” குரலில் சூடு இல்லை. “ஐயாட ஜீப் இன்னும் பள்ளிவாசலடியில நிக்குது. கூப்பிட்டுக் கேப்பமா?”

அதிபர் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“பத்திரத்தத் தாங்க. புள்ளயக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டில எனக்கு ஒண்டு போதும்.”

புஷ்பவதி போய்ப் படிவத்தையும் முத்திரையையும் கொண்டுவந்தாள். அதிபர் அடுப்படியில் குந்தியிருந்து எழுதினார். விலகிய காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. அந்த நிலையிலும் அவருக்குத் திகதிகள் நினைவுக்கு வந்தன. மௌத்து என்று எழுதினால் எப்போது என்று கேட்பார்கள். எழுதி முடித்து நீட்டினார்.

“என்ன எழுதியிருக்கு டீச்சர்?”

“வேறு இடம் சென்றமை எண்டு.”

றுக்கியா சற்று யோசித்தாள். “சரி. அதில பொய்யில்ல,” என்றாள். பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையின் கையைக் கழுவிவிட்டாள். ரிபனை அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலை புஷ்பவதி இடாப்பில் இருபத்து மூன்றாம் இலக்கத்தின் மேல் சிவப்புக் கோடு கீறினாள். தனக்கு எந்த ஊர் கிடைக்கும் என்று யோசித்தபடி இருபத்திரண்டிலிருந்து இருபத்து நாலுக்குப் போனாள். வேலிக்கு அப்பால் புகை எழுந்துகொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து யாரும் எழும்பி வரவில்லை.

அதே நேரம் அதிபர் மகளைக் கொண்டுபோய்விட லோஞ்சில் ஏறியிருந்தார். துறைமுகம் கிட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை விளிம்பில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஸுல்பிகா, உள்ளுக்கு வா.”

பிள்ளை அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை சத்தமாகக் கூப்பிட்டபோது பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிள்ளை திரும்பவில்லை. லோஞ்ச் ஓர் அலையில் ஏறிச் சாய்ந்தது. பச்சை ரிபன் கட்டிய தலை விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே போனது. அதிபர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மற்றப் பெயரைச் சொன்னார்.

அது உடனே எழுந்து நேராக நின்றது.

“வந்தேன் சேர்.”